நெட் எங்கே கட்டாகிறது?

"நெட் விட்டு விட்டு வருது" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, கட்டாகிற நேரத்தில் வீட்டிலுள்ள செல்போனில் வைஃபை வேலை செய்கிறதா என்றுதான். பார்ப்பதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடச் சொல்வேன். அணைக்காவிட்டால், வைஃபையில் நெட் நின்றதும் பல போன்கள் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'போன்ல நல்லாத்தான் வருது' என்று தவறான பதில் கிடைக்கும். போனில் வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரை. இரண்டிலும் இல்லையென்றால் ரூட்டரையோ அதற்கு அப்பாலோ பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது என் தொழில். கோளாறு எங்கே என்று தெரியாமலே ரூட்டரை மாற்று, பிளானை மாற்று, கம்பெனியை மாற்று என்று ஜனங்கள் காசைச் செலவழிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வீட்டுக்குள் காற்றில் அறுந்துபோகிற இணைப்பை 300 எம்பிபிஎஸ் பிளான் வந்து ஒட்டவைக்காது.

நெட் வருகிற பாதையில் இரண்டு துண்டுகள் உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டர் வரை காற்று. ரூட்டரிலிருந்து வெளியே ஃபைபர் கேபிள். திரையின் ஓரத்தில் வளைகோடுகளாகத் தெரிகிற வைஃபை அடையாளம் முதல் துண்டின் பலத்தைத்தான் காட்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது, காசு செலவில்லை. கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்புத் திரையை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் 'பிங்' என்ற கட்டளையை ரூட்டரின் எண்ணுக்குக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் சரியான எண் கிடைத்துவிடும். இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு அதே கட்டளை. இரண்டிலும் கடைசியில் ஒரு சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

ரூட்டர் நல்ல நிலையில் இருந்தால் சில மில்லிசெகண்டில் பதில் சொல்லும். கட்டாகிற நேரத்தில் இரண்டு திரையிலும் 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்' விழுந்தால் காற்றுவழியைச் சந்தேகிக்கலாம். ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லும்போதே இரண்டாவது மட்டும் நின்றால் வெளியே. அப்போது கம்பெனிக்குப் போன் செய்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இதுதான் வழி காட்டியது. சாயந்தரம் மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். நேரம் ஓடும், விடை போய்ச் சேராது. "அண்ணாச்சி, சிக்னல் ஃபுல்லாத்தான் காட்டுது, ஆனா சுத்திக்கிட்டே இருக்கு. கம்பெனிய மாத்திரலாம்னு பாக்கேன்" என்றார் அவள் அப்பா. "கொஞ்சம் பொறுங்க, மொதல்ல எங்க கட்டாவுதுன்னு பாத்துருவோம்" என்று இரண்டு திரையையும் ஓடவிட்டேன். இரண்டும் சேர்ந்தே தடுமாறின. 2, 3 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று 900 ஆகும், அப்புறம் பதிலே இருக்காது.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். இரும்பு மேசை. அதற்குள் சுவரோடு ஒட்டி சிபியு. அதன் முதுகில் விரல்நுனி அளவு வைஃபை டாங்கிள். அதை ஒட்டிய நீல நிற யூஎஸ்பி துளையில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். வகுப்பு வீடியோக்களை அதில்தான் வைத்திருக்கிறாள், படிக்க உட்காரும்போது செருகுவாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். திரையில் எண்கள் 2, 2, 3 என்று இறங்கி நின்றன. திரும்பச் செருகினாள், மறுபடியும் அறுந்தது.

யூஎஸ்பி 3.0 வேகத்தில் தரவு ஓடும்போது, கேபிளிலிருந்தும் இணைப்பு முனையிலிருந்தும் கசிகிற மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. சாதாரண வைஃபை டாங்கிள் கேட்பதும் அதே அலைவரிசையில்தான். வளைகோடுகள் சிக்னலின் பலத்தைச் சொல்லுமே தவிர, கூடவே எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று சொல்லாது. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல், ரூட்டரைப் பார்க்க வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலான தெரு. மைக்ரோவேவ் அடுப்பு அங்கேதான், புளூடூத் அங்கேதான், பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அங்கேதான். அதிலுள்ள சேனல்களில் 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. ரூட்டரின் செட்டிங்ஸில் போய், அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைவாக உள்ள ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ரூட்டரும் கம்ப்யூட்டரும் இரண்டுமே 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒத்துவந்தால், ரூட்டர் இருக்கிற அறையிலும் அடுத்த அறையிலும் அதுவே நல்லது. சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம்; கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு எதிர்பார்க்க வேண்டாம். ரூட்டரை பீரோவுக்குப் பின்னால், கண்ணாடிக்குப் பின்னால், டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். இரும்பும் கண்ணாடியின் ரசப்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும்.

லேப்டாப் தூங்கி எழுந்த பிறகுதான் நெட் போகிறதென்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில் மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பகுதி இருக்காது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம்.

ரூட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து மீண்டும் எரிந்தால் அடாப்டரைப் பாருங்கள். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்த அடாப்டர் சரியான வோல்டேஜ் தராமல் தடுமாறும். வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருக்கிற வோல்ட் மாறாமலும் ஆம்பியர் குறையாமலும் இருக்கட்டும். கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறுகிற நொடியில் ரூட்டர் அணைந்து எழுகிற வீடுகளுக்கு, ரூட்டருக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் போதும். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அது கம்பெனிக்காரர் வேலை. ஃபைபரைக் கழற்றி முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

அந்தப் பெண்ணின் வீட்டில் ரூட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே கூடத்தில்தான் இருந்தன. நகராத டெஸ்க்டாப்புக்கு வைஃபையே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கேட்-6 கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்துச் செருகினால் அலைவரிசை, சேனல், பீரோ என்ற பேச்சே எழாது. 100 மீட்டர் வரை இழுக்கலாம். மெயின் தேர்வுக்கு முன்னால் அதையும் போட்டுத் தருவதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.