கியர் குமிழுக்கு இருநூறு டொலர்: கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

"மாமா, இதைப் பூட்டினால் கியர் வெண்ணெய் மாதிரி விழுமாம். இருநூற்றுச் சொச்சம் டொலர்தான்."

றிச்மண்ட் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்த மருமகன் கைபேசியை என்னிடம் நீட்டினான். திரையில் பளபளக்கும் ரைற்றேனியக் கியர் குமிழ் ஒன்று. அவன் ஓடுவது பழைய மனுவல் ஹொண்டா சிவிக். வார இறுதிகளில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது. குளிர் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது, அதற்கு இந்தக் குமிழ்தான் மருந்து என்று நம்பியிருந்தான்.

"முதலில் கியர் பெட்டி எண்ணெயை மாத்திப் பாரடா. பிறகு குமிழைப் பற்றிக் கதைப்பம்" என்றேன். எண்ணெயை மாற்றினான். இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதை விட்டது. இருநூறு டொலரும் தப்பியது.

கியர் குமிழ் சின்னப் பொருள்தான். ஆனால் இளம் ஓட்டுநர்களும் அவர்களுக்குக் காசு கொடுக்கும் பெற்றோரும் இதைப் போன்ற பொருட்களில்தான் அடிக்கடி ஏமாறுகிறார்கள். எதை வாங்குகிறோம், எது ஆபத்து, ஏமாந்தால் ஒன்ராறியோச் சட்டம் என்ன தருகிறது என்ற மூன்றையும் அறிந்தபின் காசை எடுங்கள்.

காசு எதற்குப் போகிறது?

மனுவல் காரில் கியர் மாற்றும்போது, பெட்டிக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம் உராய்வின் மூலம் இரு பாகங்களின் சுழல்வேகத்தையும் சமப்படுத்துகிறது. வேகம் சமமான பிறகே கியர் உள்ளே விழும். குமிழ் பாரமாக இருந்தால், கை தள்ளத் தொடங்கியதும் அந்தப் பாரம் தடியைத் தானாகவே சிறிது கொண்டுசெல்லும். இடையில் வரும் தடங்கல்கள் கைக்குக் குறைவாகத் தெரியும். கியர் மென்மையாக விழுவதுபோல் தோன்றுவது இதனால்தான். இது உண்மையான பயன். வெறும் கற்பனை அல்ல.

கார் நிறுவனங்களுக்கும் இது தெரியும். 2020ஆம் ஆண்டு சிவிக் ரைப் ஆர் காருக்கு ஹொண்டா புதிய அலுமினியக் குமிழைக் கொடுத்தபோது, உள்ளே 90 கிராம் எடையொன்றைச் சேர்த்தது. உலகப் பெயர்பெற்ற அந்த வேகக் காருக்கே கூடுதலாக 90 கிராம் போதுமாக இருந்தது என்பதை மனதில் வையுங்கள்.

5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள திண்மக் குமிழொன்று துருவேறா உருக்கில் ஏறத்தாழ 500 கிராம் வரும். ரைற்றேனியத்தில் 300 கிராம், அலுமினியத்தில் 175 கிராம், டெல்றின் பிளாஸ்ரிக்கில் 100 கிராமுக்கும் குறைவு. பாரம்தான் வேண்டுமென்றால் மலிவான உருக்கே விலை கூடிய ரைற்றேனியத்தை விடப் பாரமானது. இருபது டொலர்க் குமிழுக்கும் இருநூறு டொலர்க் குமிழுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி பெயருக்கும் பளபளப்புக்கும் போகிறது. நல்ல மரை வெட்டும் நேர்த்தியான வேலையும் விலையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு.

குமிழ் செய்ய முடியாதவையும் உண்டு. தேய்ந்த சிங்க்ரோவை அது திருத்தாது. பழைய எண்ணெய், தளர்ந்த இணைப்புப் புஷ்கள், முழுதாக விடுபடாத கிளட்ச் ஆகியவற்றுக்கு அது மருந்தல்ல. கியர் அரைக்கும் சத்தம் கேட்டால் கராஜுக்குப் போங்கள். பாரமான குமிழ் அந்தக் குறையைச் சில மாதங்கள் மறைத்துவைக்கும். அதற்குள் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதலாவது மரை. பெரும்பாலான ஹொண்டா கார்களின் தடியில் 10 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 இடைவெளியும் கொண்ட மரை இருக்கிறது. ரொயோட்டாவிலும் சுபாருவிலும் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர், 1.25 இடைவெளி. சில ஐரோப்பிய கார்களில் மரையே இல்லை. குமிழ் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்கும் குமிழ்கள் சின்னத் திருகாணிகளால் தடியைக் கவ்விப் பிடிப்பவை. அதிர்வில் அவை தளரும். நெடுஞ்சாலை 404இல் ஏறி வேகமெடுக்கும் நேரத்தில் குமிழ் கையோடு கழன்று வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சரியான மரையுள்ள குமிழ் முதல் மூன்று நான்கு சுற்று எந்தத் தடையுமின்றி விரல்களாலேயே ஏறும். இறுகினால் நிறுத்துங்கள். பலவந்தமாகத் திருகினால் தடியின் மரையே போய்விடும்.

இரண்டாவது, பின்செல்லும் கியரின் பூட்டு. பல கார்களில் குமிழுக்குக் கீழேயுள்ள வளையத்தைத் தூக்கினால்தான் றிவேர்ஸ் விழும். புதிய குமிழ் அந்த வளையத்தை இயங்கவிடாமல் தடுத்தால் றிவேர்ஸ் எடுக்க முடியாது. வளையத்தைக் கழற்றிவிட்டுக் குமிழைப் பூட்டினால் முன்செல்லும்போது தவறுதலாக றிவேர்ஸுக்குள் தள்ளும் அபாயம் வரும்.

மூன்றாவது, கியர் வரைபடம். மனுவல் காரில் எந்தக் கியர் எங்கே என்பது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கனடாவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 102 கார் உற்பத்தியாளருக்கு விதிக்கிறது. பல கார்களில் அந்த வரைபடம் குமிழில் மட்டுமே உண்டு. வெறுமையான குமிழைப் பூட்டினால் அதுவும் போய்விடும். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கலாம். அவசரத்துக்கு உங்கள் காரை எடுக்கும் தம்பிக்கு இருக்காது.

நான்காவது, எங்கள் குளிர். தை மாதக் காலையில் உலோகம் கையின் சூட்டை உறிஞ்சும். ஆடி வெயிலில் நிறுத்திய காரில் அதுவே சுடும். கையை இழுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் கவனம் தெருவில் இருக்காது. தோலோ டெல்றினோ இந்தக் காலநிலைக்கு ஏற்றது.

ஒட்டோமற்றிக் காருக்கு வேண்டாம்

எங்கள் வீடுகளில் நிற்கும் கார்களில் அநேகமானவை ஒட்டோமற்றிக். அவற்றில் குமிழை மாற்றுவதால் கியர் மாறும் விதம் அணுவளவும் மாறாது, மாற்றுவது இயந்திரம்தான். ஆனால் இழப்பு உண்டு. குமிழில் உள்ள பொத்தான், பிரேக்கை மிதித்தால் மட்டும் தடியை 'பார்க்'கிலிருந்து விடும் பூட்டு ஏற்பாட்டோடு சேர்ந்து வேலை செய்கிறது. பொத்தானை வெட்டியோ ஒட்டியோ பூட்டும் மலிவுக் குமிழ்கள் அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கலாம்.

கியர்த் தடியில் நேரும் சிறு குழப்பமும் உயிரைக் கொள்ளும் என்பதற்கு 2016 சாட்சி. அந்த ஆண்டு ஏப்ரலில் ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. ஒவ்வொரு முறை அசைத்த பின்பும் தடி நடுவுக்கே திரும்பிவிடும் வடிவமைப்பு அது. ஆகவே கார் 'பார்க்'கில் நிற்கிறது என்று தவறாக நம்பிப் பலர் இறங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில், திரும்ப அழைக்கப்பட்ட அந்த வகை ஜீப் கிராண்ட் செரோக்கி ஒன்று உருண்டு வந்து நசுக்கியதில் நடிகர் அன்ரன் யெல்சின் லொஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு வாசலிலேயே இறந்தார். பொறியியலாளர்கள் வடிவமைத்த தடியிலேயே இப்படி நடந்தது. வீட்டு முற்றத்தில் நாங்கள் வெட்டி ஒட்டுவதற்கு என்ன உத்தரவாதம்?

உத்தரவாதமும் காப்புறுதியும்

"குமிழ் மாற்றினால் கார் உத்தரவாதம் போகாது, சட்டம் இருக்கிறது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் சுட்டுவது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மக்னஸன்-மொஸ் சட்டம். அது கனடாச் சட்டம் அல்ல. இங்கே உங்கள் உத்தரவாதப் பத்திரத்தில் உள்ள வாசகமும் மாகாணச் சட்டமுமே பேசும். வெளிப்பாகம் ஒன்றால் உண்டான சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று அநேகமான பத்திரங்கள் சொல்கின்றன. குத்தகைக்கு எடுத்த கார் என்றால் திருப்பிக் கொடுக்கும் நாளில் பழைய குமிழ் கையில் இருக்க வேண்டும். ஆகவே கழற்றிய குமிழை எறியாதீர்கள்.

உற்பத்திக் குறைக்கும் உத்தரவாதத்தை மறுப்பதற்கும் எதிராகக் காம்வாப் எனும் கனடா மோட்டார் வாகன நடுவர் திட்டத்தை நாடலாம். அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் கார்கள், நடப்பு ஆண்டு அல்லது முந்திய நான்கு ஆண்டுகளின் மாதிரிகளாகவும் 160,000 கிலோமீற்றருக்குள் ஓடியவையாகவும் இருக்க வேண்டும். பாவனையாளருக்குக் கட்டணம் இல்லை.

காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவையுங்கள். ஒரு குமிழுக்காக எவரும் கட்டணத்தைக் கூட்டப் போவதில்லை. ஆனால் குமிழோடு தொடங்கும் ஆசை குமிழோடு நிற்பதில்லை. ஆபத்தைக் கூட்டும் மாற்றங்களை உடனே அறிவிப்பது காப்புறுதி எடுத்தவரின் கடமை.

ஏமாந்தால் என்ன செய்யலாம்?

இணையத்தில் வாங்கும்போது பொருளின் விலையோடு கணக்கு முடிவதில்லை. அமெரிக்காவிலிருந்து கூரியரில் வரும் பொருளுக்கு 40 கனடிய டொலர் வரை வரியில்லை. அதற்கு மேல் 150 டொலர் வரை சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் 13 வீத விற்பனை வரி உண்டு. யப்பானிலிருந்து வந்தால் விலக்கு 20 டொலர் மட்டுமே. கூரியர் நிறுவனத்தின் தரகுக் கட்டணம் வேறு. இவற்றைக் கூட்டிய பிறகு விலையைப் பாருங்கள்.

ஒன்ராறியோவில் 2002ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. அதைப் பலர் தவறாக விளங்கிவைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கியதை மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் பொது உரிமை எதுவும் இல்லை; அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. எல்லோரும் சொல்லும் "பத்து நாள்" உரிமை வீட்டு வாசலுக்கு வந்து விற்பது போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்கே உரியது.

இணையக் கொள்வனவு 50 டொலரைத் தாண்டினால் வேறு உரிமைகள் கிடைக்கும். விற்பவர் தம் பெயர், முகவரி, முழு விலை, திருப்பும் விதி ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒப்பந்தப் பிரதியை 15 நாட்களுக்குள் தர வேண்டும். சொன்ன திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் பொருள் வராவிட்டால், அது வருவதற்கு முன் நீங்கள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். இரத்துச் செய்தபின் 15 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். வராவிட்டால் அதன் பின்னான 60 நாட்களுக்குள் கடனட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பணத்தை மீளப் பெறலாம். இதனால்தான் கடனட்டையில் வாங்குங்கள், மின்பணமாக அனுப்பாதீர்கள் என்று சொல்கிறேன்.

பொய் சொல்லி விற்றிருந்தால், போலியை அசல் என்று தந்திருந்தால், அது முறையற்ற வியாபாரச் செயல். ஒரு வருடத்துக்குள் அறிவித்து ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டமொன்று மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது காலக்கெடுக்கள் மாறலாம். ஆகவே முறைப்பாடு செய்யுமுன் ஒன்ராறியோப் பாவனையாளர் பாதுகாப்புப் பிரிவை 1-800-889-9768 இலக்கத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கராஜில் பூட்டினாலும் உரிமை உண்டு. எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். மதிப்பீட்டை விடப் 10 வீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு அனுமதியில்லை. கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். அவர்கள் தந்து பூட்டிய புதிய பாகத்துக்கும் வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை சட்டப்படி உத்தரவாதம் உண்டு.

பேசியும் எழுதியும் தீராவிட்டால் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றம் இருக்கிறது. எங்கள் றிச்மண்ட் ஹில்லில் அது ஹை டெக் வீதியில் இயங்குகிறது. சட்டத்தரணி இல்லாமலே வழக்குப் போடலாம். பொதுவாக இரண்டு வருடங்களுக்குள் போட வேண்டும். பற்றுச்சீட்டு, விளம்பரப் பக்கத்தின் படம், மின்னஞ்சல்கள் ஆகியவைதான் உங்கள் சாட்சிகள். வாங்கிய அன்றே சேமித்துவையுங்கள்.

என் தீர்ப்பு

ஒட்டோமற்றிக் கார் என்றால் ஒரு டொலரும் செலவழிக்க வேண்டாம். மனுவல் கார், பெட்டியில் குறையில்லை, ஆசையும் இருக்கிறது என்றால், சரியான மரையும் வரைபடமும் உள்ள, கைக்கு இதமான, 200 முதல் 300 கிராம் வரையான நடுத்தர விலைக் குமிழ் போதும். இருநூறு டொலரைத் தாண்டினால் அது அலங்காரம். அலங்காரம் என்று தெரிந்தே வாங்குவது உங்கள் உரிமை. கார் நன்றாக ஓடும் என்று நம்பி வாங்குவதுதான் தவறு.

அந்தக் காசு கையில் இருந்தால் முதலில் கியர் பெட்டி எண்ணெய்க்குக் கொடுங்கள். அடுத்தது பனிக்கால ரயர்களுக்கு. 2016 தை முதலாம் திகதியிலிருந்து பனிக்கால ரயர் பூட்டியவர்களுக்கு ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தர வேண்டும் என்பது விதி. குமிழுக்கு அப்படி எவரும் கழிவு தருவதில்லை. பெற்றோரே, பிள்ளை இப்படியொரு பொருளைக் காட்டினால் ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து, கியரில் உண்மையில் என்ன குறை என்று கேளுங்கள். அந்தக் கேள்வி காசையும் காக்கும், பிள்ளையையும் காக்கும்.