சொந்த ஊரில் வாழ்வது சுகமே!



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, சொந்த ஊர் சுமை என்றார்கள். ஏம்மா என்றால், "தெருவில இறங்கி பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள பத்துப் பேரு 'எங்க போறே'ன்னு கேக்குறாங்க" என்றார்கள். அம்மா, அந்தப் பத்துப் பேருதான் உங்க வீட்டுக்குப் பூட்டு! (சிரிப்பு, கைதட்டல்) சென்னையில வாடகைக்கு வீடு கேட்டா பத்து மாச வாடகையை முன்பணமாக் கேட்ட காலம் உண்டு. ஏன்? நாம யாருன்னு அவருக்குத் தெரியாது. நம்ம ஊரு மளிகைக் கடைக்காரர் முன்பணமா கேக்குறார்? "வாத்தியார் மகன்தானே, எழுதிக்கிறேன், போ" என்கிறார். தெரிஞ்ச முகம் ஒரு சொத்து, நடுவர் அவர்களே. ஆனா ஊர் எல்லையைத் தாண்டினா அது செல்லாது.

எதிரணி கேட்கலாம், "முகம் தெரிஞ்சா கடன் கிடைக்கும், வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்வி. அதுக்கு ரெண்டு ஊர்களைக் காட்டுகிறேன்.

முதல்ல செட்டிநாடு. மழை குறைஞ்ச பூமி. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கைன்னு கப்பலேறிப் போய்ச் சம்பாதிச்சாங்க. சம்பாதிச்ச பணத்தை எங்கே கொண்டு வந்தாங்க? சொந்த ஊருக்கு! பர்மாத் தேக்கிலே தூண், ஆத்தங்குடிக் கல்லிலே தரை, இந்தத் தெருவிலே வாசல், அடுத்த தெருவிலே பின்கட்டு. 1942-ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ளே நுழைஞ்சது. அங்கிருந்த தொழில் குலைஞ்சது. வீடு இங்கே நின்னுச்சு. ஆனா அந்த வீடுகள்ல பல, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் கதவு திறக்குது. மத்த நாள்ல ஒரு காவல்காரரும் புறாக்களும்! (சிரிப்பு) சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒரு ஊரிலே வீடு வச்சிருந்தா மட்டும் அந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்டிலே பேரு வராது. அங்கே வசிக்கணும். வீடு இருக்கலாம், ஆனா ஓட்டு எங்கே? நீங்க குடியிருக்கிற ஊரிலே!

இப்ப சிவகாசிக்கு வாங்க. அதுவும் வறண்ட பூமிதான். 1922-ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போனாங்க. தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டாங்க. அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கலை. 1923-ல ஊருக்கு வந்து தொழில் ஆரம்பிச்சாங்க. விவசாயத்தைக் கெடுத்த அதே காய்ஞ்ச காத்து, தீக்குச்சி காயறதுக்கு வரமாப் போச்சு! தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேணும். லேபிளுக்கு அச்சகம் வேணும். அச்சகம் வந்துட்டா சும்மா இருக்குமா? உங்க வீட்டுச் சுவத்துல தொங்குற காலண்டரைத் திருப்பிப் பாருங்க, ஊர் பேரு இருக்கும். பட்டாசும் சேர்ந்தது. அங்கே போனது காசு இல்லே, கைத்தொழில். அதனாலே ஊரிலே ஆள் நின்னாங்க. (கைதட்டல்)

செட்டிநாட்டிலும் ஒருத்தர் அப்படி யோசிச்சார். வள்ளல் அழகப்பர். 1947-ல காரைக்குடியிலே கல்லூரி. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கே வைக்கலாம்னு அரசாங்கம் பார்த்தப்போ, 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, "எங்க ஊருக்குக் கொண்டாங்க"ன்னார். 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ல திறப்பு விழா. பொட்டல் காட்டுக்கு வெளியூர்க்காரன் வேலை தேடி வந்தான் ஐயா!

சிவகாசியை நான் சொர்க்கம்னு சொல்லலை. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிஞ்சுக் கைகள் குச்சி அடுக்கின காலம் உண்டு. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி வெடி விபத்திலே கிட்டத்தட்ட 40 உயிர் போச்சு. ஊரிலே வேலை இருந்தா போதாது, சாயங்காலம் உயிரோட வீடு திரும்பற வேலையா இருக்கணும்.

இன்னொண்ணு. இதை என் அணிக்கு எதிராவே சொல்றேன். முகம் தெரியும்னு பெருமையாச் சொன்னேனே, முகம் தெரிஞ்ச ஊருக்குச் சாதியும் தெரியும். டீக்கடையிலே தனி டம்ளர் வச்சதும் அந்தத் தெரிஞ்ச முகங்கள்தான். 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையிலே, கிராமம் கிராமம்னு உருகினவங்களை டாக்டர் அம்பேத்கர் ஏன் அவ்வளவு கடுமையாச் சாடினார்? தனி மனுஷனைத்தான் அடிப்படையா வச்சிருக்கோம், கிராமத்தை இல்லேன்னு ஏன் சந்தோஷப்பட்டார்? பட்டணத்திலே யாரும் "நீ யாரு மகன்"னு கேக்கலேங்கிறது எனக்கு ஏக்கம். அவருக்கு அது விடுதலை. அப்படி ஊரை விட்டுப் போனவரைப் பார்த்து, "திரும்பி வா, மண் வாசனை மணக்குது"ன்னு கூப்பிட எனக்கு வாய் வராது. டம்ளரை மாத்த வேண்டியது ஊரிலே இருக்கிற நாங்க. (நீண்ட கைதட்டல்)

தாய்மார்கள் சிரிக்கிறது தெரியுது. "எங்களுக்கு ஏதுப்பா சொந்த ஊரு? பிறந்த ஊரை விட்டுப் புகுந்த ஊருக்கு வந்தோம். அதையும் நீங்க உங்க ஊருங்கிறீங்க!" ஆமாம்மா, இந்தத் தலைப்பே ஆம்பளைங்க வச்ச தலைப்புதான். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். அவருக்கு ஒரே கேள்வி. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி, கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு, புள்ளையை ஜன்னல் வழியா உள்ளே விட்டு சீட்டுப் பிடிக்கிறாங்களே, அந்தக் கூட்டம் எந்தச் சுமையைத் தேடி ஓடுது? பதில் சொல்லிட்டு உட்காரச் சொல்லுங்க, நடுவர் அவர்களே.

மணி அடிச்சாச்சு.