பாறை மடிப்புகளில் சமச்சீர்மை

பாறை அடுக்குகள் அமுக்கத்தால் வளைந்து உண்டாகும் அமைப்பு மடிப்பு எனப்படும். மேல்நோக்கி வளைந்தது மேல்வளைவு. கீழ்நோக்கி வளைந்தது கீழ்வளைவு. வளைவின் இருபுறச் சரிவுகள் அதன் புயங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் வளைவு மிகுந்த இடங்களை இணைக்கும் கற்பனைத் தளம் அச்சுத் தளமாகும்.

அச்சுத் தளத்தின் ஒருபுறம் மறுபுறத்தின் கண்ணாடிப் பிம்பம்போல் இருந்தால் அது சமச்சீர் மடிப்பு. ஒரு புயம் நீண்டும் மற்றது குறுகியும் இருந்தால் சமச்சீரற்ற மடிப்பு. இரு புயங்களின் சாய்வுக் கோணம் சமமாக இருப்பதே சமச்சீர்மை என்று பலர் படித்திருப்பர். அச்சுத் தளம் செங்குத்தாக உள்ளபோது மட்டுமே அது பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தின் படத்தைச் சாய்த்துப் பிடித்தாலும் அதன் இருபுறமும் ஒத்தே இருக்கும், மடிப்பும் அப்படித்தான்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பாறைகள் 'மதுரை நிலத்தொகுதி'யைச் சேர்ந்த உருமாறிய பாறைகள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா நிலப்பகுதிகள் ஒன்றிணைந்த காலத்தில், இவை நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கு உள்ளாயின. இராஜபாளையம் பாறைகளில் சபிரின், குவார்ட்சு ஆகிய கனிமங்கள் சேர்ந்து காணப்படுவது, வெப்பம் 900 பாகை செல்சியசைத் தாண்டியதைக் காட்டுகிறது. இத்தகைய நிலையில் பாறை உடையாமல் குழைந்து மடியும். மேற்கே தெரியும் மலைமுகடு ஒவ்வொன்றையும் மேல்வளைவு எனக் கருதுவது தவறு. இன்றைய மலைவடிவம் மிகப் பிற்காலத்து நில உயர்வாலும் அரிப்பாலும் அமைந்தது.

பெரிய மடிப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிவது அரிது. அதன்மேல் அமைந்த சிறு மடிப்புகளின் சமச்சீர்மையே வழிகாட்டும். அச்சு தாழும் திசையை நோக்கி நின்று பார்த்தால், மேல்வளைவின் இடப் புயத்தில் சிறு மடிப்புகள் ஆங்கில 'இசட்' வடிவிலும், வலப் புயத்தில் 'எஸ்' வடிவிலும் இருக்கும். உச்சிப் பகுதியில் சமச்சீரான 'எம்' வடிவம் தோன்றும்.

விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்குத் தோண்டப்படும் படிகச் சுண்ணாம்புக்கல் போன்றவற்றில் இதற்குப் பணமதிப்பும் உண்டு. அருகருகே தெரியும் இரு பட்டைகள் தனித்தனிப் படிவுகளாக இருக்கலாம். ஒரே அடுக்கு மடிந்து இருமுறை வெளிப்பட்டதாகவும் இருக்கலாம். ஒன்றில் 'எஸ்', மற்றதில் 'இசட்', நடுவே 'எம்' எனக் கிடைத்தால் இரண்டாவதே பொருந்தும். அவற்றை இரண்டு படிவுகள் எனக் கொண்டால் இருப்புக் கணக்கு பிசகிவிடும். களத்தில் மாணவர் பெரும்பாலும் தவறுவது வேறோர் இடத்தில்: பாறையின் மறுபக்கம் போய்ப் பார்த்தால் 'எஸ்' அப்படியே 'இசட்' ஆகிவிடும். ஆகவே குறிப்பேட்டில் வடிவத்தோடு, பார்த்த திசையையும் எழுத வேண்டும்.