முறிந்த எலும்பும் ஊன்றிய காலும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மிதிவண்டியோடு வாய்க்கால் மதகில் விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே நான் எலும்பை முறித்துக்கொண்ட கதை நண்பர்கள் பலருக்குத் தெரியும். அதற்குப் பின் நடந்தது தெரியாது.

மாவுக்கட்டுப் போட்ட நான்காம் வாரம், "தம்பி, இனிமேல் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊன்று" என்றார் மருத்துவர். "ஒட்டாத எலும்பை ஊன்றினால் விலகிப் போகாதா?" என்றார் பாட்டி. இயற்பியல் படிக்கும் நான் பாட்டியின் கட்சியில் சேர்ந்தேன். சிமெண்டுப் பூச்சு காயுமுன் யாராவது கை வைப்பார்களா? அடுத்த எக்ஸ்-ரேயில் புது எலும்பு மங்கலாகவே தெரிந்தது. "ஊன்றவே இல்லையா?" என்று மருத்துவர் கேட்டபோது தலை குனிந்தேன். அதன்பிறகுதான் விலங்கியல் ஆசிரியரிடம் நூல்கள் வாங்கிப் படித்தேன்.

எலும்பு சிமெண்டு அன்று. முறிந்த இடத்தில் முதலில் குருதி கசிந்து உறைகிறது. சில நாட்களில் அதனுள் புதிய நுண்குருதிக் குழல்கள் புகுந்து மென்திசு உண்டாகிறது, பிறகு குருத்தெலும்பு, அதன்பின்பே எலும்பு. ஏன் இந்தச் சுற்றுவழி? சுவிட்சர்லாந்து அறிஞர் ஸ்டீஃபன் பெர்ரன் 1970களில் இதற்கு விளக்கம் சொன்னார். மென்திசு தன் நீளத்தில் 100 விழுக்காடு வரை இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு ஏறத்தாழ 10. எலும்போ 2 விழுக்காடுதான். தாங்க முடியாத அளவு அசையும் இடத்தில் ஒரு திசு உருவாக முடியாது. ஆகவே மென்திசு அசைவைக் குறைத்துக் குருத்தெலும்புக்கு இடம் கொடுக்கிறது. குருத்தெலும்பு இன்னும் குறைத்து எலும்புக்கு வழிவிடுகிறது.

இங்கே நாம் வகுப்பில் படித்த 'திரிபு' வருகிறது: நீள மாற்றத்தைத் தொடக்க நீளத்தால் வகுப்பது. முறிவின் இடைவெளி 5 மி.மீ., அசைவு அரை மி.மீ. என்றால் திரிபு 10 விழுக்காடு. இடைவெளி 1 மி.மீ. மட்டுமே என்றால் அதே அசைவுக்கு 50 விழுக்காடு! மெல்லிய விரிசலுக்குத்தான் அசைவு அதிகக் கேடு என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

முறிவைச் சுற்றி 'காலஸ்' என்னும் புடைப்பு வளர்வதும் வீணன்று. உருளைத் தண்டின் ஆரம் ஒன்றரை மடங்கானால், வளைவை எதிர்க்கும் திறன் ஐந்து மடங்காகிறது. ஆரத்தின் நான்காம் படியில் அது உயர்வதே காரணம். மென்பொருளாயினும் பருமனால் காக்கிறது. அந்தப் புடைப்பு வளரச் சிறிது அசைவு வேண்டும். இறுக்கமான உலோகத் தகடுகளால் அசைவை அடியோடு நிறுத்தினால் அது தோன்றுவதே அரிது.

அந்த அளவு எவ்வளவு? பிரிட்டனில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் செம்மறியாட்டின் கால் எலும்பில் 3 மி.மீ. இடைவெளி உண்டாக்கி, நாளுக்கு 17 நிமிடம் மட்டும் மிகச் சிறிதாக அசைத்தார்கள். 1985இல் வெளியான முடிவு: அசையாமல் பிடித்து வைத்தவற்றைவிட அசைத்தவை நன்றாக ஆறின. பின்னர் அசைவை 2 மி.மீ. ஆக்கியபோதோ ஆறுதல் தடைப்பட்டது. அளவு மீறினால் இளங்குழல்கள் அறுந்து, முறிவு சேராமல் பொய்மூட்டாகவே நின்றுவிடவும் கூடும்.

எனவே பாட்டியும் முழுத் தவறில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் ஓய்வையே வற்புறுத்தினார். பிரான்சின் லூக்காஸ்-ஷாம்பியோனியேர் அசைவே மருந்து என்றார். எங்கள் வீட்டு வழக்கு அவ்வளவு பழையது! (எந்த முறிவுக்கு எப்போது ஊன்றலாம் என்பது மருத்துவர் படம் பார்த்துச் சொல்ல வேண்டியது. என் கதையைக் கேட்டு யாரும் கட்டோடு மைதானத்தில் இறங்க வேண்டாம்.)

மறுநாள் காலை, தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு முதன்முறை ஊன்றினேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். இன்றும் முழங்காலுக்குக் கீழே முன்புறம் விரலால் தடவினால் சின்ன மேடு ஒன்று தட்டுப்படுகிறது.