வாடகைக் காரில் கீறல்! அட்வான்ஸ் பறிபோகுது, உஷார்!

கோவை,
"ஏனுங்க, இந்தக் கீறல் எடுக்கறப்பவே இருந்துதுங்களே?"

"அதெல்லாம் இல்லீங்க. பம்பரையே மாத்தோணும். அட்வான்சுல கழிச்சுக்கறோம்!"

டிரைவர் இல்லாமல் தானே ஓட்ட வாடகைக்குக் கார் எடுத்து, ஊட்டி, வால்பாறை சுற்றிவிட்டு சிங்காநல்லூர் திரும்புகிறவர்கள் இந்தப் பேச்சுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கீறல் பழசா, புதுசா? அதுதான் வழக்கே! சாவி வாங்கும்போதே காரை நாலு புறமும், டயர், மீட்டர் உட்பட செல்போனில் படம் பிடித்துவிடுங்கள். திருப்பி விடும்போதும் அப்படியே. கார்க்காரரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்!

பம்பர் மாற்றினேன் என்றால் ஒர்க்ஷாப் பில்லைக் கேளுங்கள். இன்சூரன்சில் பணம் வாங்கினாரா என்றும் கேளுங்கள்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். பெட்ரோல், டீசல் வாடகைக் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்!

பணத்தைத் தர மறுத்தால்? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. சென்னையில் எடுத்த காருக்கும் சிங்காநல்லூர்க்காரர் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். அதற்கு முன் 1915-க்கு போன் போட்டும் புகார் சொல்லலாம்.

ரசீது வாங்காமல் கையில் கொடுத்த அட்வான்சுக்குத்தான் சாட்சி தேடி அலையணும்!