முடக்குவாதம்: வலியை அடக்குதல் வேறு, நோயை அடக்குதல் வேறு

விடிவதற்கு முன்பே உப்பளத்தில் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். மரக்காணம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் நாள் இவ்வாறே தொடங்குகிறது. முடக்குவாதம் உடையவரின் மூட்டுகள் அந்த வேளையில்தான் மிகுதியாக விறைத்திருக்கும். பலகையின் பிடியைப் பற்ற இயலாமல் வருந்துவோர், கடையில் வாங்கி வைத்த வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். அன்றைய பாடு கழிந்துவிடுகிறது. நோய் மட்டும் உள்ளே வளர்கிறது.

நோயின் இயல்பு

நம் ஊர்களில் சரவாங்கி என்றும் வழங்கும் இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. சவ்வு வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. உவர்நீரில் நின்றதனால் வந்த நோய் என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. உழைப்பு வலியைக் கூட்டலாம், நோயை உண்டாக்குவதில்லை. புகைப்பழக்கம் நோய் வரும் வாய்ப்பை உயர்த்துகிறது.

இரு கைகளிலும் விரல், மணிக்கட்டு மூட்டுகள் வீங்குதல், காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தல், இவை ஆறு வாரங்களாகியும் தணியாமை ஆகியவை முதன்மையான அறிகுறிகள். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் இத்தகைய வலி வரக்கூடும். ஆகவே நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'உப்புப் பருவம் முடியட்டும், மழைக்காலத்தில் பார்த்துக்கொள்வோம்' என்று தள்ளிப்போட வேண்டா. தொடக்க மாதங்களில் தரப்படும் மருத்துவமே மூட்டுகளைக் காப்பாற்றும். ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு மருந்தினால் மீள்வதில்லை.

இருவகை மருந்துகள்

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் சில மணி நேரம் குறைக்கும். மூட்டின் அரிப்பை நிறுத்தா. உப்பளத்தில் உழைப்போர்க்கு இவற்றால் மற்றோர் இடரும் உண்டு. கடும் வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அவ்வேளையில் இம்மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதுபடக்கூடும். வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படலாம். இவற்றை மருத்துவர் சொன்ன அளவில், உணவுக்குப் பின் மட்டுமே உட்கொள்ளுங்கள். வேலையின்போது அடிக்கடி நீர் அருந்துங்கள்.

நோயையே அடக்கும் மருந்துகள் வேறு. அவற்றுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். இதன் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். பலன் இல்லை என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள். இது வாரத்துக்கு ஒரே நாள் உட்கொள்ள வேண்டிய மருந்து. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையைத் தேர்ந்து, நாட்காட்டியில் குறித்து, வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையையும், குறித்த காலத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் தவறவிட வேண்டா. மதுவைத் தவிர்க்க வேண்டும். கருத்தரிக்க எண்ணுவோர் முன்னதாகவே மருத்துவரிடம் கூற வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை ஓரிரு நாட்களில் வியக்கத்தக்க ஆறுதல் தரும். 1948ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோனை முதன்முதலில் முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தியபோது உலகமே வியந்தது. 1950இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயினும் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை உயரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மருத்துவரின் சீட்டின்றி இதனை வாங்காதீர்கள்; உட்கொண்டு வருவோர் திடீரென நிறுத்தவும் கூடாது.

அன்றாட வாழ்வில் ஆறுதல்

காலையில் சற்று முன்னதாக எழுந்து, கைகளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். சூடாக வீங்கிய மூட்டுக்குக் குளிர் ஒத்தடம் கொடுங்கள். அதனை அழுத்தித் தேய்க்கவோ நீவவோ வேண்டா. பலகையின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல்கள் இறுகப் பற்ற வேண்டியதில்லை. சுமையை விரல்களில் தொங்கவிடாமல் இரு கைகளாலும் உடலோடு அணைத்துத் தூக்குங்கள். நோய் அடக்கும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால், பாத வெடிப்பில் கிருமி எளிதில் புகும். அளத்தில் காலுறையுடன் காலணி அணிந்து, திரும்பியதும் நன்னீரில் கால்களைக் கழுவித் துடையுங்கள்.

வீட்டிலுள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள். காலையில் எழ இயலாதவர் மாலையில் நன்றாக நடப்பதைக் கண்டு, நடிப்பு என்றோ சோம்பல் என்றோ கருதாதீர்கள். அதுவே இந்நோயின் இயல்பு. காலை வேலைகளில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்வதும் மருத்துவமே.

உடனே வர வேண்டியவை

ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சல் காணுதல்; மலம் கருத்துப் போதல்; சிறுநீர் குறைதல்; மருந்து உட்கொள்கையில் வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ தோன்றுதல்; கழுத்து வலியுடன் கைகள் மரத்துப்போதல். இவற்றுள் எது கண்டாலும் காத்திருக்க வேண்டா.

அடுத்த முறை வரும்போது, கடையில் வாங்கியவை உட்பட, நீங்கள் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டு வாருங்கள். எவற்றைத் தொடர்வது, எவற்றை விடுவது என்பதை மருத்துவருடன் அமர்ந்து முடிவு செய்யலாம்.