லயத்துக் கூரைக்கு ஒரு பட்டைப் போர்வை

மார்கழி விடியலில் அப்புத்தளைப் பக்கத்து லயத்தில் கண்விழித்தவர்களுக்குத் தகரக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரவெல்லாம் விட்ட மூச்சும் அடுப்பு ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, கம்பளியின் மேல் சொட்டும். சொட்டைத் தாங்க உரப்பைகளைப் பிரித்துத் தைத்து அடியில் கட்டினால், பை நனைந்து தொங்கும். வெயில் ஏறியதும் அதே தகரம் காம்பராவை வேக வைக்கும்.

லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் யூகலிப்டஸ் தோப்பு நிற்கும். கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டும் என்று தோட்டங்கள் நட்ட மரங்கள். வெட்டியதும் பட்டை உரிபட்டு மரக்காலையில் குவிகிறது. எரிகிறது அல்லது மழையில் மக்குகிறது. அடிமரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பட்டைதான்.

அதில் ஒரு கீற்றை எடுத்து நுனியை நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். தும்பு தும்பாகப் பிரியும். தும்புகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் இங்கே சரக்கு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் காப்பதும் இதனால்தான்.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே கூஹ்ல் ஊரிலுள்ள மரத்தொழில்நுட்ப ஆய்வாளர்கள் லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையில் வெப்பத்தைத் தடுக்கும் பலகை செய்து காட்டியிருக்கிறார்கள். பட்டையை உலர்த்தி, துண்டாக்கி, சலித்து, பசை கலந்து, சூடான அழுத்தியில் பலகையாக்குகிறார்கள். துண்டுகள் பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் வெப்பம் இன்னும் தயங்கும். இப்பலகையின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.06. கண்ணாடிக் கம்பளிக்கு 0.04 என்பதால் பட்டைப் பலகை ஒன்றரை மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். ஆனாலும் 5 சென்டிமீட்டர் பட்டைப் பலகை தடுக்கும் வெப்பத்தைக் கருங்கல் சுவரால் தடுக்க வேண்டுமானால் சுமார் 2 மீட்டர் தடிப்பு தேவைப்படும்! பட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணாடிக் கம்பளியைவிடக் கனமானது என்பதால் நடுப்பகல் சூட்டைத் தன்னுள் வாங்கி, மெதுவாகத்தான் கீழே விடும். தகரத்தின் கீழ் வாழ்பவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

பசைக்கும் பட்டையே கைகொடுக்கும். நீலகிரியில் சீகை என்று அழைக்கப்படும் வாட்டில் மரப்பட்டையின் துவர்ப்புச் சத்திலிருந்து மரப்பலகைப் பசை செய்வது தென்னாப்பிரிக்காவில் 1970களிலிருந்தே நடக்கும் தொழில். போர்த்துக்கல் நாட்டின் தக்கைப் பலகைக்கோ பசையே வேண்டாம். நீராவி பட்டதும் தக்கையில் உள்ள பிசினே துகள்களை ஒட்டிவிடுகிறது.

யூகலிப்டஸ் அவ்வளவு சாதுவல்ல. நீண்ட தும்பு அரைவை இயந்திரத்தின் தண்டில் சுற்றிச் சுற்றி இறுகி அதை நிறுத்திவிடும். முதலில் குறுகத் துண்டாக்கியே போட வேண்டும். தேங்காய்மட்டையோடு காலங்காலமாக மல்லுக்கட்டிய நம் தும்புத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது புதுப் பாடமில்லை. கறையானுக்கும் தீக்கும் போராக்ஸ் கலப்பது, காகிதத்தூள் காப்புப் பொருளில் உலகெங்கும் உள்ள வழக்கம். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, காற்று ஓட வழி வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொட்டு பலகையை நனைத்து, பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

பட்டையை நம்பிப் பிழைப்பது இந்தத் தீவுக்குப் பழக்கம். கறுவா பட்டைதான். 1861இல் ஹக்கலவில் நட்டுப் பார்த்த சிங்கோனாவும் பட்டைக்காகத்தான். கோப்பி நோயில் அழிந்தபோது தோட்டங்கள் சில காலம் அதைத்தான் பிடித்துக்கொண்டன. அந்தப் பட்டைகளை உரித்து, காய வைத்து, மூட்டை கட்டிய கைகள் கப்பலேற்றி அனுப்பினவேயன்றி, தங்கள் தலைக்கு மேல் எதையும் வைத்துக்கொண்டதில்லை. இந்த முறை முதல் பலகை லயத்துக் கூரைக்கு அடியில் ஏற வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெரிய செலவு உலர்த்துவதில் இருக்கிறது. பச்சைப் பட்டையில் பாதி எடை தண்ணீர். ஆனால் ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் கச்சான் காற்று, கொழுந்தை வாட்டி ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைக் கொடுக்கும் அதே வறண்ட காற்று, மரக்காலை முற்றத்தில் பரப்பிய பட்டையையும் சும்மா விடாது.